எக்ஸ்எஸ்எல்டிக்கு டெஸ்ட் எழுதுங்கள், வேலிடேஷனை மட்டும் நம்பாதீர்கள்

எக்ஸ்எஸ்எல்டி என்பது டேக் போட்டு எழுதிய எக்ஸ்எம்எல் கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றுகிற மொழி. அதில் தப்பு நடந்தால் சத்தமே வராது. ஜாவாவில் நல் வந்த இடத்தில் எக்ஸப்ஷன் தெறிக்கும், பைத்தானில் இல்லாத கீயைக் கேட்டால் புரோகிராம் அங்கேயே நின்றுவிடும். எக்ஸ்எஸ்எல்டியில் இல்லாத எலிமென்ட்டை (ஒரு டேக்கும் அதற்குள் இருப்பதும்) கேட்டால் வெறும் காலிதான் கிடைக்கும். அந்தக் காலியை வைத்துக்கொண்டே ஸ்டைல்ஷீட் (எக்ஸ்எஸ்எல்டியில் எழுதிய புரோகிராம்) கடைசி வரை ஓடி, ஒரு கோப்பை எழுதிக் கொடுத்துவிட்டு, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று திரும்பிவிடும். ஒரு எலிமென்ட்டுக்கு நீங்கள் டெம்ப்ளேட்டே (அதை எப்படி மாற்றுவது என்ற விதி) எழுதவில்லை என்றாலும் இதே கதைதான். மொழிக்குள்ளேயே இருக்கும் இயல்பு விதி அந்த எலிமென்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதற்குள் இருந்த எழுத்தை மட்டும் வெளியே கொட்டும். இந்த அமைதிதான் எனக்குப் பயம். இந்த மொழியில் எழுதுகிறவர்களுக்கு யூனிட் டெஸ்ட் (ஒவ்வொரு சின்னப் பகுதியையும் தனியாகச் சோதிப்பது) மற்றவர்களைவிட அதிகம் தேவை, ஆனால் நான் பார்த்தவரை எழுதுகிறவர்கள் மிகக் குறைவு.

நான் இருப்பது ஆய்விதழ்த் தயாரிப்பு வேலையில். வெளிநாட்டுப் பதிப்பகங்களின் இதழ்களுக்குக் காப்பி எடிட்டிங், பக்க வடிவமைப்பு, எக்ஸ்எம்எல் என்று எவ்வளவோ வேலை சென்னையிலும் புதுச்சேரியிலும் நடக்கிறது என்பது இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. கட்டுரையாளர் வேர்டில் அனுப்புவது எங்களிடம் ஜாட்ஸ் எக்ஸ்எம்எல் ஆகிறது. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 2003-இல் வெளியிட்ட டிடிடியிலிருந்து (எந்த டேக் எங்கே வரலாம் என்று சொல்லும் விதித் தொகுப்பு) வளர்ந்து, 2012-இல் அமெரிக்கத் தரநிலை அமைப்பான நிசோவின் தரநிலையாக ஆன டேக் தொகுப்பு அது. அந்த ஒரே கோப்பிலிருந்துதான் இணையப் பக்கத்துக்கு ஹெச்டிஎம்எல், பிறகு இ-பப், மருத்துவக் கட்டுரைகளின் தேடல் தளமான பப்மெட்டுக்கு ஒரு எக்ஸ்எம்எல், டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண்ணைப் பதிவு செய்கிற கிராஸ்ரெஃப்புக்கு இன்னொரு எக்ஸ்எம்எல் எல்லாம் பிரிகின்றன. பிரிக்கிற வேலை முழுக்க எக்ஸ்எஸ்எல்டி. ஒரு டெம்ப்ளேட்டில் தப்பு இருந்தால் அது ஒரு கட்டுரையோடு நிற்காது, அந்த வழியாகப் போகிற ஒவ்வொரு கட்டுரையிலும் ஏறும்.

இந்த வேலையில் தினமும் காதில் விழுகிற வாக்கியம் "வேலிடேஷன் பாஸ் ஆயிடுச்சு, அனுப்பிடலாமா?" என்பது. கோப்பு டிடிடி அல்லது ஸ்கீமாவின் விதிப்படி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலிடேஷன். அது வேண்டாம் என்று சொல்லவில்லை, அது இல்லாமல் எதையும் அனுப்பக் கூடாது. ஆனால் டிடிடியோ ஸ்கீமாவோ பார்ப்பது அமைப்பை மட்டும்தான். வால்யூம் எண் இருக்க வேண்டிய இடத்தில் இஷ்யூ எண்ணும், இஷ்யூ இடத்தில் வால்யூமும் போய் உட்கார்ந்தால் ஸ்கீமாவுக்கு இரண்டும் வெறும் எழுத்துதான், பச்சைக்கொடி காட்டிவிடும். இரண்டாவது ஆத்தரை முதல் ஆத்தர் என்று குறித்து அனுப்பினாலும் அப்படித்தான். முதல் ஆத்தர் யார் என்பதில் ஒரு ஆராய்ச்சியாளரின் பதவி உயர்வே அடங்கியிருக்கலாம், ஸ்கீமாவுக்கு அது எப்படித் தெரியும்? உள்ளே வந்தது என்ன, வெளியே போனது என்ன என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற ஒன்று வேண்டும். அதுதான் டெஸ்ட்.

ஒரு உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். பெயர். நம் ஊர்ப் பெயர்களுக்கு இந்த மாற்றங்களில் ஆகிற கதி எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிற விஷயம்.

நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல் அப்பா பெயர், மற்றது சொந்தப் பெயர். சிலர் இனிஷியலையும் விட்டுவிட்டு "கவிதா" என்று ஒரே பெயரில் கட்டுரை எழுதுவார்கள். ஜாட்ஸ் இதை ஒழுங்காகவே யோசித்திருக்கிறது. நேம் எலிமென்ட்டுக்குள் சர்நேம் இல்லாமல் கிவன்-நேம்ஸ் மட்டும் இருக்கலாம், நேம்-ஸ்டைல் என்ற ஆட்ரிப்யூட்டில் (டேக்குக்குள் எழுதும் கூடுதல் குறிப்பு) கிவன்-ஒன்லி என்று குறிக்கவும் வழி உண்டு. ஆனால் கிராஸ்ரெஃப்பின் ஸ்கீமாவில் ஆள் பெயர் என்றால் சர்நேம் கட்டாயம், கிவன் நேம்தான் விருப்பம். அதனால் ஒற்றைப் பெயர் வந்தால் அதைச் சர்நேம் இடத்தில் வைத்து அனுப்ப வேண்டும். விதி இவ்வளவுதான்.

இது தெரியாமல் மேற்கத்திய மாதிரிகளை மட்டும் பார்த்து எழுதிய ஸ்டைல்ஷீட் என்ன செய்யும்? கவிதாவைக் கிவன் நேமில் போட்டு, சர்நேமே இல்லாமல் அனுப்பும். ஸ்கீமா சிவப்புக் காட்டும். இதுவரை பரவாயில்லை, குறைந்தது சத்தமாவது வந்தது. இதற்கு அப்புறம் நடப்பதுதான் மோசம். மாலைக்குள் கோப்பு போயாக வேண்டும், யாரோ ஒருவர் அவசரத்தில் "சர்நேம் இருக்கிற ஆத்தரை மட்டும் எடு" என்று கான்ட்ரிப் (ஒரு ஆத்தரின் விவரம் இருக்கும் எலிமென்ட்) டெம்ப்ளேட்டில் ஒரு நிபந்தனை சேர்ப்பார். வேலிடேஷன் பாஸ். நான்கு ஆத்தர் இருந்த கட்டுரை மூன்று ஆத்தரோடு பதிவாகும். மூன்று பேர் இருப்பதும் ஸ்கீமாவுக்குச் சம்மதம்தான். கிராஸ்ரெஃப் பதிவிலிருந்து விவரத்தை எடுக்கிற ஸோட்டெரோ போன்ற மேற்கோள் மென்பொருள்கள் எல்லாவற்றிலும் அந்தக் கட்டுரைக்கு மூன்று பேர்தான் சொந்தக்காரர்கள். அந்தப் பெண் ஒருநாள் தன் டிஓஐயைத் தேடிப் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதும்வரை யாருக்கும் தெரியாது. அவர் மொத்த உழைப்பிலும் பெயர் ஒன்றுதான் வெளியே தெரிவது, அதைத் தொலைத்துவிட்டு "வேலிடேஷன் பாஸ் ஆனது" என்று பதில் எழுத முடியாது.

இதற்கு டெஸ்ட் எழுத நான் பயன்படுத்துவது எக்ஸ்ஸ்பெக். ஜெனி டென்னிசன் உருவாக்கியது, ரூபி மொழியின் டெஸ்ட் கருவியான ஆர்ஸ்பெக்கைப் பார்த்து எக்ஸ்எஸ்எல்டிக்கு அதே பாணியில் செய்தார். இப்போது ஒரு குழுவாகச் சேர்ந்து கிட்ஹப்பில் பராமரிக்கிறார்கள், திறமூலம், காசு கிடையாது. எக்ஸ்எஸ்எல்டியோடு, எக்ஸ்எம்எல்லில் தேடுகிற எக்ஸ்குவெரிக்கும் அதில் விதிகளைச் சோதிக்கிற ஸ்கீமட்ரானுக்கும் கூட இதில் டெஸ்ட் எழுதலாம். அடியில் ஓடுவது எக்ஸ்எஸ்எல்டியை இயக்குகிற சாக்ஸன் என்ற மென்பொருள், அதன் இலவசப் பதிப்பே போதும்.

டெஸ்ட் கோப்பும் ஒரு எக்ஸ்எம்எல்தான். மேலே எந்த ஸ்டைல்ஷீட்டைச் சோதிக்கிறோம் என்று ஒரு வரி. உள்ளே சினாரியோக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு லேபிள். சினாரியோவுக்குள் கான்டெக்ஸ்ட் என்று ஒன்று, இன்புட் அதில்தான் போகும். எக்ஸ்பெக்ட் என்று இன்னொன்று, வர வேண்டிய அவுட்புட் அதில். மேலே சொன்ன விஷயத்துக்கு என் முதல் சினாரியோவின் லேபிள் "ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள ஆத்தர்". கான்டெக்ஸ்ட்டில் ஒரு கான்ட்ரிப், அதற்குள் ஒரு நேம், அதற்குள் கிவன்-நேம்ஸ், அதில் கவிதா. எக்ஸ்பெக்ட்டில் பெர்சன்_நேம், அதற்குள் சர்நேமில் கவிதா, கிவன்_நேம் இருக்கவே கூடாது. பத்துப் பதினைந்து வரிக்குள் முடிந்துவிடும். பக்கத்திலேயே அடுத்த சினாரியோ: சர்நேமும் கிவன் நேமும் இரண்டும் உள்ளவர். அடுத்தது: இரண்டு மேற்கத்தியப் பெயர்களுக்கு நடுவே ஒற்றைப் பெயர்க்காரர், மூன்று பேரும் அதே வரிசையில் வர வேண்டும், முதல்வருக்கு மட்டும் ஃபர்ஸ்ட், மற்றவர்களுக்கு அடிஷனல். நான்காவது: ஆள் பெயரே இல்லை, கொலாப் எலிமென்ட்டில் ஒரு ஆய்வுக் குழுவின் பெயர், அது ஆர்கனைசேஷனாகப் போக வேண்டும். ஐந்தாவது: சர்நேம் டேக் இருக்கிறது, ஆனால் உள்ளே காலி. டேக் இருப்பதும் டேக்குக்குள் ஏதாவது இருப்பதும் வேறு வேறு. எக்ஸ்பாத்தில் (எக்ஸ்எஸ்எல்டிக்குள் எலிமென்ட்டைச் சுட்ட எழுதும் மொழி) சர்நேம் என்று மட்டும் கேட்டால் காலி டேக்கும் உண்மை என்றே வரும்.

ஓட்டினால் ஒரு ஹெச்டிஎம்எல் ரிப்போர்ட் வரும். தோற்ற சினாரியோவில் வந்ததும் வர வேண்டியதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், வித்தியாசப்படுகிற இடம் தனியாக நிறம் மாறித் தெரியும். எக்ஸ்எஸ்எல்டி தெரியாத ப்ராஜெக்ட் மேனேஜர்கூட அதைப் பார்த்து "ஓ, கவிதா இங்கே இல்லையா" என்று புரிந்துகொள்வார். லேபிள்களை அதனால்தான் மனிதர் படிக்கிற வாக்கியமாக எழுதச் சொல்கிறேன். "டெஸ்ட் 14" என்று வைத்தால் ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கே என்னவென்று தெரியாது.

உள்ளே இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது, பின்னால் வரும் சில குழப்பங்களுக்கு அதுதான் காரணம். எக்ஸ்ஸ்பெக் நம் டெஸ்ட் கோப்பை எடுத்து, எக்ஸ்எஸ்எல்டி வைத்தே அதை இன்னொரு எக்ஸ்எஸ்எல்டியாக மாற்றுகிறது. அந்தப் புதிய ஸ்டைல்ஷீட் நம்முடைய ஸ்டைல்ஷீட்டை இம்போர்ட் செய்துகொண்டு ஓடுகிறது. அதாவது கான்டெக்ஸ்ட்டுக்குள் நாம் எழுதிய துண்டு நிஜமான ஒரு இன்புட் கோப்பாகப் படிக்கப்படுவதில்லை, அங்கேயே நினைவகத்தில் கட்டப்படுகிறது.

இதனால் வரும் முதல் சிக்கல் டிடிடி. ஜாட்ஸ் டிடிடியில் நேம்-ஸ்டைலுக்கு வெஸ்டர்ன் என்று ஒரு டிஃபால்ட் மதிப்பு உண்டு. நிஜக் கோப்பை டிடிடியோடு பார்ஸ் செய்தால், யாரும் எழுதாவிட்டாலும் அந்த ஆட்ரிப்யூட் தானாக வந்து உட்கார்ந்திருக்கும். டெஸ்ட்டுக்குள் எழுதிய துண்டுக்கு டிடிடி கிடையாது, அதனால் ஆட்ரிப்யூட்டும் இருக்காது. வெஸ்டர்ன் என்று இருந்தால் இப்படிச் செய் என்று யாராவது டெம்ப்ளேட் எழுதியிருந்தால் டெஸ்ட்டில் ஒன்று நடக்கும், ப்ரொடக்ஷனில் வேறொன்று நடக்கும். டிஃபால்ட்டை நம்புகிற இடங்களில் டெஸ்ட் துண்டிலும் அந்த ஆட்ரிப்யூட்டைக் கையால் எழுதிவிடுங்கள். இல்லாத நிலைக்கும் தனியாக ஒரு சினாரியோ வையுங்கள். ஏனென்றால் நெட்வொர்க் பிரச்சினைக்குப் பயந்து டிடிடி படிப்பதையே அணைத்து வைத்திருக்கிற சர்வர்களும் உண்டு.

இரண்டாவது, ஸ்பேஸ். இதற்குக் கொஞ்சம் இடம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

படத்தின் விளக்கத்தில் போல்டில் "ஃபிகர் 1" என்று இருக்கிறது, ஒரு ஸ்பேஸ், அப்புறம் இட்டாலிக்கில் "ஒரைசா சட்டைவா" என்று நெல்லின் அறிவியல் பெயர். அந்த ஸ்பேஸ் எந்த டேக்குக்குள்ளும் இல்லை, இரண்டு டேக்குக்கும் நடுவே தனியாக நிற்கிறது. ஸ்டைல்ஷீட்டின் தலையில் யாரோ ஸ்ட்ரிப்-ஸ்பேஸ் என்று போட்டு, எலிமென்ட்ஸ் இடத்தில் நட்சத்திரம் வைத்திருக்கிறார்கள். இணையத்தில் கிடைக்கிற மாதிரிகளில் இந்த வரி அடிக்கடி இருக்கும், அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். வெறும் ஸ்பேஸ் மட்டும் உள்ள எழுத்துத் துண்டுகளை எல்லாம் அது தூக்கிவிடும். விளைவு, "ஃபிகர் 1ஒரைசா சட்டைவா" என்று ஒட்டிப் போன வரி. ப்ரூஃப் பார்ப்பவர் பிடிஎஃப்பைப் பார்க்கிறார், ஹெச்டிஎம்எல்லைப் பார்ப்பதில்லை, அதனால் இது நேராக வாசகரிடம் போய் நிற்கும்.

சரி, இதற்கு டெஸ்ட் எழுதலாம் என்று கான்டெக்ஸ்ட்டில் அந்தத் துண்டை வைத்தால் அங்கேயும் இரண்டு விஷயம் குறுக்கே வருகின்றன. எக்ஸ்ஸ்பெக் தன் கோப்பிலுள்ள வெறும் ஸ்பேஸ் துண்டுகளைத் தானே நீக்கிவிடும், டெஸ்ட்டை அழகாக உள்தள்ளி எழுத வசதியாக இருக்கட்டும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள். அதைத் தடுக்க எக்ஸ்எம்எல்-ஸ்பேஸ் ப்ரிசர்வ் போட வேண்டும், அல்லது எக்ஸ்ஸ்பெக்கின் டெக்ஸ்ட் எலிமென்ட்டுக்குள் அந்த ஸ்பேஸை வைக்க வேண்டும். அப்படிக் காப்பாற்றி வைத்தாலும் பிரச்சினை தீரவில்லை. ஸ்ட்ரிப்-ஸ்பேஸ் வேலை செய்வது கோப்பிலிருந்து படிக்கப்படும் மூலத்தில்தான், நினைவகத்தில் கட்டிய துண்டில் இல்லை. ஆக டெஸ்ட் பச்சையாக வரும், ப்ரொடக்ஷனில் ஸ்பேஸ் காணாமல் போகும்! இந்த வகைப் பிழைக்கு இன்புட்டைத் தனிக் கோப்பாக வைத்து, கான்டெக்ஸ்ட்டில் ஹெச்ரெஃப் கொடுத்து இழுக்க வேண்டும். அப்போதுதான் நிஜமாக நடப்பது டெஸ்ட்டிலும் நடக்கும். திருத்தம் எளிது: நட்சத்திரத்தை எடுத்துவிட்டு, எழுத்தே நேரடியாக வராத கான்ட்ரிப்-குரூப், ஆர்ட்டிகிள்-மெட்டா, ரெஃப்-லிஸ்ட் போன்ற எலிமென்ட்களை மட்டும் பெயர் சொல்லிப் பட்டியலிடுவது.

எக்ஸ்எம்எல்யூனிட் போன்ற லைப்ரரியில் ஜாவாவிலிருந்து ஒப்பிடுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். எக்ஸ்எம்எல்யூனிட் நல்ல கருவி. ஆட்ரிப்யூட் வரிசை மாறினாலோ நேம்ஸ்பேஸின் முன்னொட்டு மாறினாலோ பொருள் மாறவில்லை என்று அதற்குத் தெரியும், வெறும் டிஃப் கமாண்டுக்குத் தெரியாது. ஆனால் வைட்ஸ்பேஸைப் புறக்கணி என்று ஒரு வசதி அதில் உண்டு, டெஸ்ட் அடிக்கடி சிவக்கிறது என்று எல்லோரும் முதலில் அதைத்தான் திருப்பிவிடுவார்கள். இன்வாய்ஸ், செட்டிங்ஸ் மாதிரி டேட்டா கோப்புகளுக்கு அது சரி. கட்டுரை மாதிரி எழுத்தும் டேக்கும் கலந்து வருகிற கோப்புகளுக்கு அதைத் திருப்பினால் பிடிக்க வேண்டிய பிழையையே மூடி வைத்த மாதிரி ஆகிவிடும்.

முழுக் கோப்பை ஒப்பிடுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். நிறைய டீம்களில் டெஸ்ட் என்றால் இதுதான்: சில நிஜக் கட்டுரைகளை ஓட்டி, வந்த அவுட்புட்டைச் சேமித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதோடு ஒப்பிடுவது. இதற்கு ஒரு இடம் உண்டு, ஆனால் யூனிட் டெஸ்ட்டின் இடத்தில் இதை வைக்கக் கூடாது. காரணம் நடைமுறையில் தெரியும். க்ளையன்ட் ஒரு கிளாஸ் பெயரை மாற்றச் சொல்கிறார், எல்லாக் கோப்பும் சிவக்கிறது, நூற்றுக்கணக்கான வித்தியாசங்களை யார் உட்கார்ந்து படிப்பது? "புது அவுட்புட்டையே எதிர்பார்ப்பாக வை" என்று ஒரு கமாண்டில் முடித்துவிடுவார்கள். அந்த நூறில் ஒன்று தெரியாமல் நுழைந்த நிஜப் பிழையாக இருந்தால், அந்த நிமிஷத்திலிருந்து அது சரியான விடையாகப் பதிவாகிவிட்டது. சின்ன டெஸ்ட் தோற்றால் எது தோற்றது என்று லேபிளே சொல்லும். முழுக் கோப்பு தோற்றால் தேடுவதே ஒரு வேலை.

ஆனாலும் முழுக் கோப்பு ஒப்பீடு கண்டிப்பாக வேண்டிய ஒரு சமயம் இருக்கிறது, அது பழைய ஸ்டைல்ஷீட்டைப் புதிய பதிப்புக்கு மாற்றும்போது. எக்ஸ்எஸ்எல்டி 1.0 வந்தது 1999-இல், 2.0 வந்தது 2007-இல், 3.0 வந்தது 2017-இல். இன்னும் 1.0-இல் எழுதிய ஸ்டைல்ஷீட்கள் எத்தனையோ ஓடிக்கொண்டிருக்கின்றன. தலையில் உள்ள வெர்ஷன் ஆட்ரிப்யூட்டை 1.0-இலிருந்து 3.0 ஆக்கினால் போதும் என்று நினைப்பவர்கள், மதிப்பை எழுதுகிற வேல்யூ-ஆஃப் என்ற கட்டளை ஒன்றை மட்டுமாவது பார்க்க வேண்டும். 1.0-இல் அதற்குப் பல நோடுகளை (எலிமென்ட் போன்ற கோப்பின் துண்டுகள்) கொடுத்தால் முதல் நோடின் மதிப்பை மட்டும் எழுதும். 2.0 முதல், எல்லாவற்றையும் நடுவில் ஸ்பேஸ் விட்டு எழுதும். முதல் ஆத்தரின் சர்நேமை மட்டும் தலைப்பில் காட்டிக்கொண்டிருந்த பக்கத்தில் திடீரென்று எல்லா ஆத்தரும் வரிசையாக வந்து நிற்பார்கள். எர்ரர் வராது. இப்படி எங்கெங்கே "முதல் ஒன்று" என்பதை நம்பிக்கொண்டிருந்தோம் என்று யாருக்கும் நினைவிருக்காது, முழு ஒப்பீடுதான் காட்டிக் கொடுக்கும். மாற்றம் முடிந்து கிடைத்த ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் ஒரு சின்ன சினாரியோ எழுதிவிட்டு அந்தப் பெரிய ஒப்பீட்டைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

அடுத்தது நேரம். கிராஸ்ரெஃப் கோப்பின் தலையில் டைம்ஸ்டாம்ப் ஒன்று இருக்கும், பதிவைப் புதுப்பிக்கும்போது அது முந்தியதைவிடப் பெரிய எண்ணாக இருக்க வேண்டும். ஸ்டைல்ஷீட்டுக்குள்ளேயே இப்போதைய நேரத்தைக் கேட்டு எழுதினால் ஒவ்வொரு ஓட்டத்திலும் அவுட்புட் மாறும், டெஸ்ட் எழுதவே முடியாது என்று தோன்றும். இரண்டு வழி இருக்கிறது. எக்ஸ்பெக்ட்டில் அந்த இடத்தில் மூன்று புள்ளி வைத்தால் எக்ஸ்ஸ்பெக் அங்கே எது வந்தாலும் ஏற்றுக்கொள்ளும். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி: நேரத்தை ஸ்டைல்ஷீட்டின் பேராமீட்டராக வெளியே எடுத்துவிடுவது, டிஃபால்ட்டாக மட்டும் இப்போதைய நேரம். டெஸ்ட்டில் நாமே ஒரு தேதியைக் கொடுத்துவிடலாம், அப்போது டைம்ஸ்டாம்பின் வடிவம் சரியா என்பதையும் சேர்த்துச் சோதிக்க முடியும். மூன்று புள்ளி வைத்தால் அங்கே குப்பை வந்தாலும் பச்சைதான்.

இது ஒரு பெரிய விஷயத்தின் சின்னத் துண்டு. டெஸ்ட் எழுத முடியாத ஸ்டைல்ஷீட் என்றால் பெரும்பாலும் அது எழுதப்பட்ட விதம்தான் காரணம். ரூட்டுக்கு ஒரே ஒரு டெம்ப்ளேட், அதற்குள் ஃபார்-ஈச்சுக்குள் ஃபார்-ஈச், அதற்குள் முப்பது வென் (நிபந்தனை) வைத்த ஒரு சூஸ் என்று இருந்தால் எதைத் தனியாகப் பிடித்துச் சோதிப்பது? ஒவ்வொரு எலிமென்ட்டுக்கும் ஒரு மேட்ச் டெம்ப்ளேட், அதே எலிமென்ட்டை வேறு நோக்கத்துக்காகக் கையாளும் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு மோட், கணக்குப் போடுகிற வேலையெல்லாம் தனி ஃபங்ஷன் என்று பிரித்துவிட்டால் கான்டெக்ஸ்ட்டில் ஒரே ஒரு கான்ட்ரிப்பைக் கொடுத்துச் சோதிக்கலாம், ஃபங்ஷனை எக்ஸ்ஸ்பெக்கின் கால் எலிமென்ட் மூலம் நேரடியாகக் கூப்பிடலாம்.

தேதி ஃபங்ஷன் இதற்கு நல்ல தொடக்கம். பப்-டேட்டில் மாதம் "3" என்று வரும், "03" என்று வரும், பழைய கோப்புகளில் "மார்ச்" என்று ஆங்கில எழுத்தில் வரும், சில இதழ்களில் மாதமே இல்லாமல் சீசன் மட்டும் வரும். எல்லாவற்றையும் ஒரே ஃபங்ஷனுக்குள் அனுப்பி இரண்டு இலக்கமாக வாங்கினால், ஒவ்வொரு வடிவத்துக்கும் இரண்டு வரி டெஸ்ட். பக்க எண்ணும் அப்படித்தான். கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்தைக் கழித்து ஒன்றைக் கூட்டினால் பக்க எண்ணிக்கை என்று எழுதிவிடுவோம், துணை இதழில் "எஸ்12" என்று பக்கம் வந்ததும் நம்பர் ஃபங்ஷன் நேன் (NaN, எண் அல்ல) என்று திருப்பித் தரும், அந்த மூன்றெழுத்து அப்படியே வாசகர் பார்க்கிற பக்கத்தில் அச்சாகும். இணையத்தில் மட்டும் வருகிற இதழ்களில் பக்கமே கிடையாது, அதற்குப் பதிலாக வரும் இலொக்கேஷன்-ஐடி மட்டும்தான். இந்த மூன்று நிலைக்கும் சினாரியோ இல்லாத ஜாட்ஸ் ஸ்டைல்ஷீட்டை நான் முடிந்ததாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒரு எச்சரிக்கை. துண்டுகளாகச் சோதிக்கும்போது டெம்ப்ளேட்டின் மேட்ச் "ஆர்ட்டிகிள்-மெட்டாவுக்குள் இருக்கிற டைட்டில்" என்று பெற்றோரைக் கேட்கிறதா என்று பாருங்கள். வெறும் டைட்டிலை மட்டும் கான்டெக்ஸ்ட்டில் வைத்தால் பெற்றோர் இல்லை, வேறு டெம்ப்ளேட் ஓடும். கீ வைத்துத் தேடுகிற டெம்ப்ளேட்களுக்கும் இதே நிலை, எக்ஸ்ரெஃப்பிலிருந்து (கட்டுரைக்குள் வரும் மேற்கோள் சுட்டி) ரெஃப்-லிஸ்ட் என்ற மேற்கோள் பட்டியலைத் தேடினால் அந்த லிஸ்ட்டும் அதே ஆவணத்தில் இருந்தாக வேண்டும். கான்டெக்ஸ்ட்டில் முழு அமைப்பையும் சின்னதாக எழுதி, செலக்ட் ஆட்ரிப்யூட்டால் நடுவிலுள்ள நோடை மட்டும் சுட்டினால் சரியாகிவிடும்.

டெம்ப்ளேட் இல்லாத எலிமென்ட் எழுத்தைக் கொட்டும் என்றேன் அல்லவா, அதற்கு 3.0-இல் ஒரு நல்ல மருந்து இருக்கிறது. மோட் அறிவிப்பில் ஆன்-நோ-மேட்ச் என்பதற்கு ஃபெயில் என்று கொடுத்தால், டெம்ப்ளேட் இல்லாத எதைச் சந்தித்தாலும் ஓட்டம் நின்றுவிடும். எழுத்து நோடுகளுக்கும் ஆவணத்தின் ரூட்டுக்கும் கூட நாமே டெம்ப்ளேட் எழுத வேண்டியிருக்கும், பரவாயில்லை. நிற்கக் கூடாது, சொன்னால் போதும் என்றால் வார்னிங்-ஆன்-நோ-மேட்ச் இருக்கிறது. பதிப்பகம் புதிதாக ஒரு டேக்கைச் சேர்த்துவிட்டுச் சொல்ல மறந்த நாளில் இதன் அருமை தெரியும்.

க்ளையன்ட்டிடமிருந்து ஒரு புகார் வந்தால் முதலில் கோடைத் தொடாதீர்கள். அந்தக் கட்டுரையை எடுத்து, பிழை இன்னும் தெரிகிற அளவுக்கு வெட்டிக்கொண்டே வாருங்கள், இருபது பக்கம் ஆறேழு வரியாகச் சுருங்கும். வெட்டுகிற வேலையிலேயே பாதி நேரம் காரணம் பிடிபட்டுவிடும். மிஞ்சிய ஆறேழு வரியைச் சினாரியோவாக வைத்து, அது தோற்கிறதா என்று பார்த்துவிட்டு, அதற்கப்புறம் திருத்துங்கள். வைக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது: கட்டுரை இன்னும் வெளிவராததாக இருக்கலாம், ஆத்தரின் மின்னஞ்சலும் நோயாளிகளின் விவரமும் உள்ளே இருக்கலாம். அமைப்பை மட்டும் வைத்துக்கொண்டு பெயர், வாக்கியம், எண் எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும். டெஸ்ட் ஃபோல்டர் யார் யார் கைக்கெல்லாம் போகும் என்று சொல்ல முடியாது, அடுத்தவர் ஆராய்ச்சி அதில் கிடப்பது சரியில்லை.

"டெட்லைன் இருக்கிறது, டெஸ்ட்டுக்கு எங்கே நேரம்" என்று கேட்பவர்களின் நிலைமை எனக்குத் தெரியும், இந்தத் துறையில் டெட்லைன் இல்லாத நாள் கிடையாது. அதனால் மொத்த ஸ்டைல்ஷீட்டுக்கும் எழுதுங்கள் என்று சொல்லவே மாட்டேன். பத்தி, இட்டாலிக், போல்ட் மாதிரி ஒன்றை எடுத்து ஒன்றாகக் கொடுக்கிற டெம்ப்ளேட்களுக்கு டெஸ்ட் எழுதுவது வீண். நிபந்தனை இருக்கிற இடம், கணக்கு இருக்கிற இடம், இரண்டு எலிமென்ட்களைச் சேர்த்து ஒன்றாக்குகிற இடம், வரிசை முக்கியமான இடம் ஆகியவற்றுக்கு மட்டும் எழுதினால் போதும். இன்னும் முடிவாகாத விதிகளைப் பெண்டிங் என்று குறித்து வைக்கலாம், தோல்வியாகக் கணக்கில் வராது, ஆனால் ரிப்போர்ட்டில் பாக்கி என்று கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். க்ளையன்ட்டிடம் கேட்க வேண்டிய கேள்விகளின் பட்டியலாகவே அதை நான் பயன்படுத்துகிறேன்.

ஆக்சிஜன் என்ற எக்ஸ்எம்எல் எடிட்டர் வைத்திருப்பவர்களுக்கு எக்ஸ்ஸ்பெக் உள்ளேயே வருகிறது, டெஸ்ட் கோப்பைத் திறந்து ஓட்டினால் போதும். சர்வரில் ஓட்ட கமாண்ட் லைன் ஸ்கிரிப்ட் இருக்கிறது, ஜேயூனிட் வடிவத்திலும் ரிப்போர்ட் கேட்கலாம், அதை டெஸ்ட்களைத் தானாக ஓட்டுகிற ஜென்கின்ஸோ கிட்லேபோ நேரடியாகப் படித்துக்கொள்ளும். ஒரு டெஸ்ட் தோற்றாலும் புதிய ஸ்டைல்ஷீட் ப்ரொடக்ஷனுக்குப் போகக் கூடாது என்று அங்கே கட்டிவிடுங்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் யார் வந்து கேட்டாலும் அதைத் தளர்த்தாதீர்கள்.